வந்துக்கினே கீது

படப்பை
ஜூலை 7

அன்புள்ள கிளாரா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் லிடியா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே அனைவரும் சுகம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? அப்பா கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, பீரோ மேல் வைத்துவிட்டீர்களா?

அத்தை, எனக்கு வேலை கிடைத்துவிட்டது! சுகம் விசாரிக்காமல் ஆரம்பித்தால் திட்டுவீர்களே என்று இரண்டு வரி அடக்கிக்கொண்டேன், அதற்கு மேல் முடியவில்லை. வனமாமலை டிரான்ஸ்போர்ட்டில், வாடிக்கையாளர் பிரிவில். ஒரகடம் ஃபேக்டரிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் அந்த மஞ்சள் பஸ் கம்பெனியேதான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடுகிற கம்பெனி. டிப்போ நம் தெருமுனையிலிருந்து நடக்கிற தூரம். தலையில் மைக் மாட்டிக்கொண்டு நாற்காலியில் சுற்றிச் சுற்றிப் பேசுகிறேன். அம்மா வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

எங்கள் மேனேஜர் பரசுராமன் சார் முதல் நாளே மீட்டிங் போட்டார். போன வருஷம் நிறைய ஃபேக்டரிகள் எங்களை விட்டுப் போய்விட்டனவாம். போனவர்களைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்றார். உங்கள் ஃபேக்டரியும் அதில் ஒன்று. பொங்கலுக்கு முன்னால் அங்கே புது ஒப்பந்தம் போடுகிறார்கள். அது கிடைக்காவிட்டால் மறைமலை நகர் ரூட்டையே மூடிவிடுவார்கள், கடைசியாகச் சேர்ந்த எனக்குத்தான் முதலில் டாட்டா. உங்கள் டிரான்ஸ்போர்ட் கமிட்டிக்குத் தலைவி யார்? என் சொந்த அத்தை! இதைவிட அதிர்ஷ்டம் உண்டா?

மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லையே, ஏன்?

பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
லிடியா

*

மறைமலை நகர்
ஜூலை 19

அன்பு லிடியாவுக்கு,

சுகம். நீயும் அண்ணன் அண்ணியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். தைலம் தேய்க்கிறேன், நாற்றம்தான் தாங்கவில்லை.

வேலை கிடைத்ததில் சந்தோஷம். அந்தக் கம்பெனியில் கிடைத்ததில் இல்லை. அந்தக் கம்பெனி ஆள் யாரிடமும் நான் போனில் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன். நீ இப்போது அந்தக் கம்பெனி ஆள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுது. எழுதியதை நாளைக்கு இல்லையென்று சொல்ல முடியாது பார்.

ஏன் என்று கேட்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

கிளாரா அத்தை

*

படப்பை
ஆகஸ்ட் 11

என் கோபக்கார அத்தைக்கு,

வணக்கம் பல. நாங்கள் சுகம், மழை இல்லாமல் புழுக்கம்தான் கொல்கிறது.

ஏன் என்று கேட்கவில்லை, சரியா? ஆனால் கம்பெனி எப்படி மாறியிருக்கிறது என்று சொல்லலாம் இல்லையா? எல்லா வண்டிக்கும் புது சீட் கவர் போட்டாயிற்று. ஏசி வந்தாயிற்று. ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது என்று என் கம்ப்யூட்டரில் எறும்பு மாதிரி ஊர்ந்து தெரிகிறது. போன வாரம் உங்கள் ஃபேக்டரி கேட்டில் எங்கள் ஆட்கள் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்களே, வாங்கினீர்களா? முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்துவிட்டது. மைசூர்பாகு அத்தை, அதையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் உங்கள் ஃபேக்டரிப் பெண்கள்!

என் வேலை சுலபம். போன் வந்தால் சிரித்த குரலில் பேச வேண்டும். வண்டி எங்கே என்று யார் கேட்டாலும் "வந்துக்கினே இருக்குது மேடம்" என்று சொல்ல வேண்டும். டிரெயினிங்கில் முதல் பாடமே அதுதான். நான் சொல்கிற மாதிரி யாருக்கும் சொல்ல வரவில்லை என்று பரசுராமன் சாரே எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வண்டியில் ஒரே ஒரு நாள் ஏறிப் பாருங்களேன்.

கெஞ்சிக் கேட்கும்,
லிடியா

*

மறைமலை நகர்
ஆகஸ்ட் 20

லிடியா,

சுகம். நீ போன கடிதத்தில் எழுதியிருந்த அந்த வார்த்தையை இனிமேல் எனக்கு எழுதாதே. என் காதில் விழுகிற மாதிரி சொல்லவும் சொல்லாதே.

அண்ணனுக்கு சர்க்கரை பார்த்தீர்களா?

கிளாரா

*

படப்பை
செப்டம்பர் 28

அன்பான அத்தைக்கு,

சுகம்தானே? ஒரு மாதத்துக்கு மேல் உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நான் எழுதிய இரண்டு கார்டும் வந்ததா? அப்பாவுக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நீங்கள் கேட்காதே என்று சொன்னதை நான் கேட்கவில்லை. அதுவாக என் காதில் விழுந்தது. புதன்கிழமை ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு நோட்டீஸ் கொடுக்க உங்கள் கேட்டுக்கு வந்திருந்தேன். உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் ஒருத்தி பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "தோ பார்றி, வந்துக்கினே கீது அக்கா வருது."

எல்லோரும் சிரித்தார்கள். யார் அந்த அக்கா என்று நானும் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். நீங்கள்.

அத்தை, நீங்கள் தலை நிமிராமல் நடந்து போய் வேனில் ஏறினீர்கள். நான் இளநீர் வண்டியைவிட்டு வெளியே வரவில்லை. வந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

பிறகு ஒரு பெண் தனியாக ஆட்டோவுக்கு நின்றாள். சுகப்பிரியா. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள்தான் சொன்னாள். போன அக்டோபரில் மழை நாளில் வண்டி வரவில்லை. நீங்கள் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தீர்கள், ஆபீசில் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். நீங்கள் எல்லோரையும் "நில்லுங்க, வந்துக்கினே கீதாம்" என்று நிறுத்தினீர்கள். மறுபடி போன், மறுபடி அதே வார்த்தை. ஷேர் ஆட்டோவெல்லாம் போய்விட்டது. வண்டி புறப்படவே இல்லையாம். சுகப்பிரியா செங்கல்பட்டில் ரயிலை விட்டுவிட்டாள். அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய அக்கா கழுத்தில் தாலி ஏறிவிட்டது. "கிளாரா அக்கா மேல எனக்குக் கோவம் இல்ல," என்றாள். "ஆனா அதுக்கப்புறம் அக்கா என்ன சொன்னாலும் யாரும் கேக்க மாட்டுக்காங்க."

என் குரல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டு வாங்கியது இந்த வார்த்தைக்கா?

மறுநாள் நேராக பரசுராமன் சார் அறைக்குப் போய், இனி அதை நான் சொல்ல மாட்டேன் என்றேன். வேறென்ன சொல்வாய் என்றார். வண்டி நிற்கிற இடத்தைச் சொல்வேன், வராதென்றால் வராது என்பேன் என்றேன். அப்படிச் சொன்னால் கஸ்டமர் போய்விடுவார்களே என்றார்.

"போய்ட்டாங்களே சார்" என்றேன்.

மன்னியுங்கள், ஒளிந்து நின்றதற்கு.

லிடியா

*

மறைமலை நகர்
அக்டோபர் 17

அன்பு லிடியாவுக்கு,

சுகம். மழை ஆரம்பித்துவிட்டது, குடையைக் கையோடு வைத்துக்கொள்.

ஒளிந்து நின்று பார்த்தவளுக்கு என்ன மன்னிப்பு? அடுத்த முறை எதிரில் வந்து நில், ஒரு இளநீராவது வாங்கித் தருகிறேன்.

பேர் வைத்ததற்காக நான் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஃபேக்டரியில் ஆளுக்கு ஒரு பேர் உண்டு, சூப்பர்வைசருக்கு இருக்கும் பேரை எழுதினால் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவர மாட்டார். ஆனால் ஒன்று. லைனில் மிஷின் சூடாகிறது, கையை எடு என்று சொன்னால்கூட இந்தப் பெண்கள் இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள். இத்தனை வருஷம் அந்த லைனில் என் பேச்சுதான் நடந்தது. அது போனது போனதுதான்.

உங்கள் மேனேஜர் எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தார். நவம்பர் முதல் ஒரு வண்டி, பரீட்சைக்கு விடுகிறார்களாம். இப்போது ஓடும் வேன்களும் ஒரு பக்கம் ஓடும். கமிட்டியில் என்னைக் கேட்டார்கள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் வாயால் இன்னொரு தடவை உங்கள் வண்டிக்காகப் பேச மாட்டேன். நீ என் அண்ணன் மகளாக இருந்தாலும்.

மேனேஜரிடம் அப்படிப் பேசினாயா நிஜமாகவே?

கிளாரா அத்தை

*

படப்பை
நவம்பர் 15

அன்பு அத்தைக்கு வெற்றி வீராங்கனை லிடியா எழுதுவது,

எல்லோரும் சுகம், எனக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறேன்.

நிஜமாகத்தான் பேசினேன். அவரும் நிஜமாகத்தான் கேட்டிருக்கிறார்! பரசுராமன் சார் எல்லோரையும் கூப்பிட்டு, இந்த டிப்போவில் அந்த வார்த்தை இனி யார் வாயிலும் வரக்கூடாது என்றார். சொன்ன கையோடு முதலாளி போன் செய்து வண்டி எங்கேய்யா என்று கேட்டார். சார் பழக்க தோஷத்தில் "வந்துக்கினே..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நாங்கள் மேஜைக்கடியில் குனிந்து சிரித்தோம்.

முதல் வாரம் எனக்குத் திட்டு மழை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒருவர், வண்டி எங்கே என்றார். பஞ்சர் சார், வராது, வேறு வண்டி இப்போதுதான் டிப்போவைவிட்டுக் கிளம்புகிறது என்றேன். "இன்னாம்மா, வேலைக்குப் புதுசா?" என்றார். அவ்வளவு உண்மையை அவர் எங்களிடம் எதிர்பார்க்கவில்லை.

உங்கள் ரூட் டிரைவர் அருள்பாண்டி அண்ணன்தான் முதலில் முறைத்துக்கொண்டார். என் மானத்தை வாங்குகிறாயா, வண்டி நின்றதைத் தம்பட்டம் அடிக்கிறாயா என்று. முன்பெல்லாம் வண்டி மக்கர் பண்ணினால் போனை அணைத்துவிடுவாராம். ஆபீஸ் பொய் சொல்லும், பயணிகள் அடி அவர் மேல் விழும். இப்போது பெண்கள் தன்னைத் திட்டாமல் ஏறுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். சிக்னலில் நின்றால்கூட எனக்குப் போன் செய்கிறார். அண்ணே, டீ குடிக்க நிறுத்துவதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

எனக்கும் பேர் வைத்துவிட்டார்கள் அத்தை. "வராதும்மா." போன் எடுத்ததும் "வராதும்மாவா பேசறது?" என்கிறார்கள். இனிமேல் நாம் இரண்டு பேரும் ஒரே ஜாடை!

உங்கள் கமிட்டியில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

துடித்துக்கொண்டிருக்கும்,
வராதும்மா

*

மறைமலை நகர்
டிசம்பர் 4

என் கண்ணு லிடியாவுக்கு,

கர்த்தர் காத்தார், சுகமாக இருக்கிறேன். உன் தொண்டை சரியானதா? இன்று விடுப்பு, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் மழை கொட்டியது உனக்கே தெரியும். ஷிஃப்ட் விடக் கொஞ்சம் முன்னால் சுகப்பிரியாவின் போன் அடித்தது. அவள் கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, வராதும்மா பேசுச்சு. படப்பை தாண்டி ரோட்ல தண்ணி, வண்டி வராதாம். ஆட்டோவ இப்பவே பிடிச்சிருங்க, காசு நாங்க தாரோம்ங்காங்க. என்னக்கா செய்ய?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேன்காரனுக்கு ஒருத்தி போன் செய்தாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? அதே வார்த்தை. எழுத்துக்கு எழுத்து. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள், எல்லோருக்கும் கேட்டது.

ஒருத்தன் வருகிறேன் என்கிறான், ஒருத்தி வராது என்கிறாள். இன்னொரு தடவை என் பேச்சைக் கேட்டு இந்தப் பெண்கள் ரோட்டில் நின்றால், அதற்கப்புறம் நான் அந்த லைனில் நிற்க முடியாது. வாயை மூடிக்கொண்டு என் வழியைப் பார்க்கலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் வராது என்று சொல்வதில் உனக்கு என்ன லாபம்? திட்டுதானே கிடைக்கும்? திட்டு வாங்கத் துணிந்து சொன்னவள் பேச்சை நம்பலாம் என்று பட்டது.

"வராதுன்னா வராது. கிளம்புங்கடி, நான் சொல்றேன்" என்றேன்.

உடனே யாரும் நகரவில்லை. சுகப்பிரியா என் பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் அக்கா கூடப் போறேன்" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கடைசி ஆட்டோ கிளம்பும்போது ரோட்டில் தண்ணீர் சக்கரத்தைத் தொட்டது. எல்லோரும் வெளிச்சம் போவதற்குள் வீடு சேர்ந்தோம். வேனுக்காக நின்ற கொஞ்சம் பேரை ராத்திரி ஃபேக்டரி கேன்டீனில்தான் படுக்க வைத்தார்கள்.

நேற்று வேலைக்குப் போனேன். மதியம் மிஷினில் ஏதோ சத்தம் வந்தது, கையை எடு என்றேன். சடாரென்று எடுத்தார்கள்.

கிளாரா அத்தை

*

படப்பை
டிசம்பர் 22

அன்பு அத்தைக்கு முன்கூட்டியே கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அனைவரும் சுகம். உங்கள் கடிதத்தை அம்மா படித்தாள், அப்பா படித்தார், பிறகு நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். அன்றைக்கு வராது என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தண்ணீர் வடிந்து வண்டி எப்படியோ போய்விட்டால், பெண்களை வீணாக விரட்டிவிட்டோமே என்று ஆகுமே! கம்ப்யூட்டரில் அந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரவே இல்லை. ஒரு பஸ் நகராததற்குச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கமிட்டி எப்போது கூடுகிறது? எனக்குச் சோறு இறங்கவில்லை. பரசுராமன் சார் தினமும் என் மேஜைப் பக்கம் வந்து, அத்தை எழுதினாங்களா என்று கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி போகிறார். வேண்டாம் என்று முடிவானால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். கொஞ்சம் அழுதுவிட்டுத் தாங்கிக்கொள்வேன்.

லிடியா

*

மறைமலை நகர்
ஜனவரி 9

லிடியா கண்ணுக்கு,

சுகம். நீ சோறு சாப்பிடாததைப் பற்றி அண்ணியிடம் தனியாக விசாரிக்கிறேன்.

நேற்று கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். எந்த வண்டி வேண்டும், கையைத் தூக்குங்கள் என்றார் ஹெச்.ஆர். ஒருத்தியும் தூக்கவில்லை. சுகப்பிரியா எழுந்து, "அக்கா எதுல ஏறுதாங்களோ அதுலதான் நாங்களும் ஏறுவோம். அக்கா சொல்லட்டும்" என்றாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். மஞ்சள் வண்டிக்கு. அதற்கப்புறம் திரும்பிப் பார்த்தால் கேன்டீன் முழுக்கக் கை.

இப்போது லைனில் என்னை வெறும் கிளாரா அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கவனித்தாயா? இன்று எனக்கு வார விடுப்பு. வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். சாயங்காலம் எங்கள் ஆட்களை இறக்கிவிட்டு வண்டி படப்பை டிப்போவுக்குத்தானே திரும்புகிறது? அருள்பாண்டியிடம் தூக்கையும் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கம்பெனியை நம்பி நான் அனுப்பும் முதல் சாமான். சூடாகப் போய்ச் சேருகிறதா பார்க்கிறேன்.

கிளாரா அத்தை

*

படப்பை
ஜனவரி 9, சாயங்காலம்

என் செல்ல அத்தைக்கு,

சுகம், சுகம், ரொம்ப சுகம்! ஆபீசிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் கை தூக்கியதை பரசுராமன் சார் ஊருக்கெல்லாம் போன் செய்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்று சாயங்காலம் ஹெல்ப்லைனில் ஒரு கஸ்டமர் கூப்பிட்டார். அப்போது உங்கள் கடிதமும் வரவில்லை, தூக்கும் வரவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. வணக்கம், வனமாமலை டிரான்ஸ்போர்ட், லிடியா பேசுகிறேன் என்றேன்.

"எம்மா, மறைமலை நகர்லேர்ந்து பேசறேன். உங்க வண்டில ஒரு தூக்கு குடுத்தனுப்பிச்சேன். எங்க கீது வண்டி?"

ஆறு மாதம் கழித்து அந்தக் குரலைப் போனில் கேட்கிறேன். அத்தை என்று கத்தியிருப்பேன். ஆனால் அந்தக் கஸ்டமர் யாரோ எவரோ மாதிரி அல்லவா பேசினார்? நானும் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எறும்பு ஒரகடம் கூட்ரோட்டில் அசையாமல் நின்றது.

"ட்ரெய்லர் ஒண்ணு குறுக்க நின்னுடுச்சு மேடம். வண்டி அதுக்குப் பின்னால நிக்குது. எப்ப வரும்னு இப்ப சொல்ல முடியாது. சூடான சாமானா இருந்தா ஆறிடும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சரிம்மா. வெச்சுடறேன்" என்றார் அந்தக் கஸ்டமர்.

அருள்பாண்டி அண்ணன் இப்போதுதான் வந்து சேர்ந்தார். ஆறித்தான் வந்தது அத்தை. மூடி சரிந்து கொஞ்சம் குழம்பு கடிதத்தின் மேலும் கொட்டியிருக்கிறது. நானும் சாரும் அண்ணனும் அப்படியே ஆறினதையே சாப்பிட்டோம்.

லிடியா